சிம் ஹாக்கி லீக்கின் ஹால் ஆஃப் ஃபேம்: கணக்கா, ஓட்டா, கமிட்டியா?

நாகர்கோவிலில் நாலு பேர், மார்த்தாண்டத்தில் ரெண்டு பேர், தூத்தூரில் ஒருத்தர், மிச்சப் பேர் துபாயிலும் குவைத்திலும். இப்படிச் சிதறிக் கிடக்கும் ஒரு சிம் ஹாக்கி லீக், அதாவது ஆளுக்கு ஒரு அணியை நடத்த, ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைக் கணினி மென்பொருளே ஆடி முடிக்கும் லீக், பத்து சீசனைத் தாண்டிவிட்டால் ஒரு சண்டை வந்தே தீரும்: ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களில் யாரை ஹால் ஆஃப் ஃபேம் என்ற மரியாதைப் பட்டியலில் ஏற்றுவது? இத்தனைக்கும் லீக்கில் பாதிப் பேர் ஐஸைப் பார்த்தது குளச்சல் துறைமுகத்து மீன்பெட்டியில்தான்.

வழிகள் மூன்று உண்டு. எண்ணிக்கையில் ஒரு வரம்பு வைத்துத் தாண்டியவரை எல்லாம் ஏற்றலாம். அணிகளை நடத்தும் ஜி.எம்.கள் (ஜெனரல் மேனேஜர்கள்) ஓட்டுப் போடலாம். நாலைந்து பேர் கமிட்டியாக உட்கார்ந்து முடிவெடுக்கலாம். எதையும் தனியாக நம்பக் கூடாது என்பதே இந்த அலசலின் முடிவு. பட்டியல் போடக் கணக்கு, ஏற்ற ஓட்டு, விட்டுப்போனவர்களுக்குக் கமிட்டி. ஏன் இந்த வரிசை என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

ஒன்றை முதலில் மனதில் வைக்க வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் கால்பந்துப் போட்டி முடிந்ததும் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால், கோட்டுக்கு வெளியே நின்று பார்த்த ஆயிரம் கண் பதில் சொல்லும். சிம் லீக்கில் ஆட்டத்தை யாருமே பார்க்கவில்லை. மென்பொருள் ஃப்ராஞ்சைஸ் ஹாக்கி மேனேஜரோ ஈஸ்ட்சைட் ஹாக்கி மேனேஜரோ, இரவில் லீக்கை நடத்தும் கமிஷனர் பொத்தானை அமுக்குகிறார், காலையில் நமக்குக் கிடைப்பது வெறும் எண்கள். ஆகவே எண்ணை ஒதுக்கவும் முடியாது, அப்படியே நம்பவும் முடியாது.

கணக்கு வழி

"500 கோல் அடித்தால் உள்ளே" என்பதில் சண்டைக்கு இடமில்லை. கமிஷனருக்கு வேலை அரை மணி நேரம். புது லீக்குகள் முதலில் பிடிப்பது இதைத்தான். மூன்று இடத்தில் இது உடையும்.

முதலாவது, காலம். வட அமெரிக்காவின் நிஜ ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்லில் 1981-82 சீசனில் இரு அணியும் சேர்த்து ஆட்டத்துக்குச் சராசரி 8 கோல் விழுந்தது. 2003-04இல் அது 5.1 அளவுக்கு இறங்கியது. சிம் லீக்கில் இந்த இறக்கத்துக்கு இருபது வருடம் தேவையில்லை. மென்பொருளின் புதுப் பதிப்புக்கு மாறினாலோ கமிஷனர் அமைப்புகளில் ஒரு எண்ணைத் திருகினாலோ ஒரே சீசனில் நடந்துவிடும். மாற்றத்துக்கு முன்பு ஆடியவர்கள் எல்லாரும் ஹாலுக்குள், பின்பு ஆடியவர்கள் எல்லாரும் வெளியே என்று ஆகும்.

மருந்து எளிது. ஹாக்கி-ரெஃபரன்ஸ் தளம் செய்வதுபோல ஆட்டத்துக்கு 6 கோல் என்ற பொது அளவுக்கு எல்லா சீசனையும் கொண்டுவரலாம். ஆட்டக்காரரின் கோலை 6ஆல் பெருக்கி, அந்த சீசனின் லீக் சராசரியால் வகுக்க வேண்டும். சராசரி 8 இருந்த சீசனில் அடித்த 50 கோல் 37.5 ஆகும். சராசரி 5.2 இருந்த சீசனில் அடித்த 40 கோல் 46 ஆகும். எக்ஸெலில் ஒரே ஒரு நெடுவரிசை. இதைச் செய்யாத லீக்கில் மற்ற எந்த விவாதமும் வீண்.

இரண்டாவது, நீண்ட நாள் ஆடினவனா, உச்சத்தில் ஆடினவனா என்ற பழைய வழக்கு. இதற்கு என்.எச்.எல்லில் கோலடித்துப் பேர் வாங்கிய மைக் கார்ட்னரையும் பாவெல் புரேயையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுபோல் வேறு பாடம் கிடையாது.

| | கார்ட்னர் | புரே |
|---|---|---|
| ஆட்டங்கள் | 1432 | 702 |
| மொத்த கோல் | 708 | 437 |
| சிறந்த 5 சீசன் கோல் | 240 | 288 |
| சீசனுக்கு 30-க்கு மேல் அடித்தவை மட்டும் | 174 | 146 |
| ஹாலில் ஏறிய ஆண்டு | 2001 | 2012 |

மொத்தத்தைப் பார்த்தால் 271 கோல் வித்தியாசம், பேச்சுக்கே இடமில்லை. கார்ட்னர் 17 சீசனில் 30 கோலைத் தொட்டவர், அதில் 15 தொடர்ச்சியாக. ஆனால் 50ஐத் தொட்டது ஒரே ஒரு முறை. முழங்கால் போய் ஓய்ந்த புரே, ஐந்து முறை 50ஐத் தாண்டியவர், அதில் இரண்டு முறை சரியாக 60.

நான்காவது வரிசைதான் முக்கியம். ஓரத்தில் ஆடும் ஒரு நல்ல விங்கர் எப்படியும் 30 அடிப்பான் என்று வைத்து, அதற்கு மேல் அடித்ததை மட்டும் சீசன் சீசனாகக் கூட்டியது அது. 271 வித்தியாசம் 28ஆகச் சுருங்கிவிடுகிறது. இன்னும் காலக் கணக்கைச் சேர்க்கவில்லை. கார்ட்னரின் 50 கோல் விழுந்த 1984-85இல் லீக் சராசரி ஏறக்குறைய 7.8, ஆக அது 38 கோலுக்குச் சமம். புரே 58, 59 என்று அடித்த இரண்டு சீசனிலும் சராசரி 5.5தான், அவை 63, 64 ஆகின்றன. இதையும் சேர்த்தால் தராசு புரே பக்கம் சாய்கிறது. அப்படிப்பட்டவர் தகுதி வந்தபிறகும் ஆறு வருடம் வெளியே நின்றார், கார்ட்னர் முதல் வருடமே ஏறினார். மொத்த எண்ணிக்கை நிஜக் கமிட்டியின் கண்ணையே மறைக்கும் என்றால், ஸ்ப்ரெட்ஷீட்டை மட்டும் பார்க்கும் நம் கண்ணை மறைக்காதா?

ஆகவே வரம்பு வைப்பதானால் மொத்தத்துக்கு ஒன்று, சிறந்த ஐந்து சீசனுக்கு ஒன்று என்று இரண்டு வரம்பு வையுங்கள். எதைத் தாண்டினாலும் பட்டியலில் பெயர் வரட்டும்.

மூன்றாவது உடைப்பு, கோலடிக்காதவர்கள். கோலியை, அதாவது கோல் காப்பவரை, வெற்றி எண்ணிக்கையால் அளப்பது நம் லீக்குகளில் அடிக்கடி நடக்கும் அநியாயம். கிறிஸ் ஆஸ்குட் 401 வெற்றி, என்.எச்.எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை மூன்று, இன்னும் ஹாலுக்கு வெளியே. கர்டிஸ் ஜோசப் 454 வெற்றி, அவரும் வெளியே. டொமினிக் ஹாசெக் 389 வெற்றி மட்டுமே, ஆனால் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையைக் கோலியாக இருந்துகொண்டு இரண்டு முறை வாங்கி, 2014இல் ஏறினார். வெற்றி அணியுடையது. தடுத்த பந்து, அதாவது பக், கோலியுடையது.

அதை அளக்க ஒரு கணக்குப் போதும். அந்த சீசனில் லீக்கின் சேவ் சராசரி, அதாவது வந்த ஷாட்டுகளில் தடுத்த பங்கு, 0.905 என்று வையுங்கள். ஒரு கோலி 1800 ஷாட்டை எதிர்கொண்டால், சராசரிக் கோலி 171 கோல் விட்டிருப்பான். இவன் விட்டது 150 என்றால் 21 கோல் மிச்சம். இதைச் சீசன்வாரியாகக் கூட்ட வேண்டும். சேவ் சதவீதத்தை நேராக ஒப்பிடுவதும் ஆகாது. 1980களின் தொடக்கத்தில் 0.875ஐ ஒட்டியிருந்த என்.எச்.எல் சராசரி, 2010களின் நடுவில் 0.915ஐ ஒட்டி ஏறிவிட்டது. அன்றைய நட்சத்திரம் இன்று பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

டிஃபென்ஸ்மேனுக்குப் பிளஸ்-மைனஸை (அவன் ஐஸில் இருந்தபோது அணி அடித்த கோலுக்கும் விட்ட கோலுக்கும் உள்ள வித்தியாசம்) நம்பாதீர்கள், அது அணியின் பலத்தைத்தான் காட்டும். எத்தனை சீசன் தன் அணியில் மிக அதிக நிமிடம் ஐஸில் இருந்தான் என்று பாருங்கள். முன்வரிசையில் ஆடியும் எதிரணியைத் தடுப்பதையே வேலையாகக் கொண்ட தற்காப்பு ஃபார்வர்டுகளுக்கோ கணக்கே கிடையாது என்று சொல்லிவிடலாம். பாப் கெய்னி 1160 ஆட்டத்தில் அடித்தது 239 கோல். தற்காப்பு ஃபார்வர்டுக்கான செல்கி கோப்பையை முதல் நான்கு வருடமும் வாங்கியவர் அவர், 1992இல் ஹாலில் ஏறினார். எந்த வரம்பும் அவரைப் பிடித்திருக்காது.

ஓட்டு வழி

இதற்கு முன்மாதிரி ஹாக்கியில் இல்லை, அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் ஹாலில்தான். பேஸ்பால் பற்றி எழுதும் பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஒருவர் அதிகபட்சம் 10 பெயரைக் குறிக்கலாம். 75 சதவீதம் கிடைத்தால் உள்ளே. 5 சதவீதத்துக்குக் கீழே போனால் பட்டியலிலிருந்து நீக்கம். மீதிப் பேர் 10 வருடம் வரை பட்டியலில் இருக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தகுதியானவர்கள் நெரிந்த 2013இல் ஓட்டுகள் சிதறி ஒருத்தர்கூடத் தேறவில்லை. சிம் லீக்கில் இந்த நெரிசல் இன்னும் வேகமாக வரும், ஏனென்றால் லீக் தொடங்கும்போது ஆட்டக்காரர்களை அணிகளுக்குப் பங்கிட்ட டிராஃப்டில் வந்த ஒரே வயதுக்காரர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓய்வு பெறுவார்கள். அந்த இரண்டு மூன்று சீசனுக்கு மட்டும் பெயர் உச்சவரம்பை எடுத்துவிடுவது நல்லது.

பெரிய வியாதி வேறு. ஓட்டுப் போடுகிறவர்தான் அந்த ஆட்டக்காரரின் முன்னாள் முதலாளி. பட்டியல் வெளியான அன்றே தனி வாட்ஸ்அப்பில் ஆரம்பித்துவிடும்: "மக்கா, நம்ம பயலுக்கு ஒண்ணு குத்து, அடுத்த சீசன் உன் கோலிக்கு நான் போடுதேன்." ஓட்டை ரகசியமாக்கினால் இது நிற்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நிற்காது, இன்னும் சௌகரியமாகிவிடும். யார் யாருக்குப் போட்டார்கள் என்பதை முடிவு வந்தபிறகு வெளியிடுவதுதான் மருந்து. நிஜத்தில் டொராண்டோவில் உள்ள ஹாக்கி ஹால் ரகசிய ஓட்டு வைத்திருக்கிறது என்ற வாதம் இங்கே எடுபடாது, அங்கே ஓட்டுக்காரர்கள் எல்லாரும் அணி முதலாளிகள் இல்லை, இங்கே எல்லாருமே முதலாளிகள்.

கூடவே ஒரு விதி: ஆட்டக்காரர் தன் சீசன்களில் பாதிக்கு மேல் ஆடிய அணியின் ஜி.எம்., அந்தப் பெயருக்கு மட்டும் ஓட்டுப் போடக் கூடாது. 16 பேர் லீக்கில் 15 ஓட்டாகும், அதில் 75 சதவீதம் 11.25. இதை 12 என்று மேலே தூக்குவதா, 11 என்று இறக்குவதா? முன்கூட்டியே எழுதிவைக்காத லீக்குகள் இந்த கால் ஓட்டில்தான் உடைகின்றன. மேலே தூக்குங்கள்.

ஓட்டுப் போடாமல் இருக்கிறவர்களை என்ன செய்வது? சதவீதத்தைப் பதிவான ஓட்டின் மேல் கணக்கிடுங்கள், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு ஜி.எம்.களாவது பங்கெடுத்தால்தான் தேர்தல் செல்லும் என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு பேர் கூடி யாரையாவது ஏற்றிவிடுவார்கள்.

நம் மாவட்டத்து லீக் என்றால் தேதியும் பார்க்க வேண்டும். நவம்பர் கடைசி வாரம் கோட்டார் சவேரியார் கோயில் திருவிழா, டிசம்பர் 3 உள்ளூர் விடுமுறை, அங்கிருந்து கிறிஸ்துமஸ் குடில் கட்டும் வேலை. மாசியில் மண்டைக்காட்டுக் கொடை. இந்த நாட்களில் ஃபார்மை அனுப்பினால் திரும்பி வராது. தூத்தூர்ப் பக்கத்து ஜி.எம். ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் டவர் இருக்காது, பத்து நாள் அவகாசம் அவருக்குப் போதாது. மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை எல்லாரும் கரையில் இருப்பார்கள். மழைக்குக் கரண்டு போகும்தான், ஆனால் கூகுள் ஃபார்மை நிரப்பப் போனில் சார்ஜ் இருந்தால் போதும். கடைசி நேரத்தை இந்திய நேரம் இரவு 11.59 என்று எழுதுங்கள், வெறுமனே "இன்று இரவு" என்று எழுதினால் இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கும் குவைத்துக்காரர் நமக்கு நள்ளிரவு தாண்டியபின் அனுப்பிவிட்டுச் சண்டைக்கு வருவார்.

கமிட்டி வழி

டொராண்டோவின் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் இப்படித்தான் ஓடுகிறது. 18 பேர் கமிட்டி, எல்லாரும் வந்தால் 14 ஓட்டு வேண்டும். ஆண்டுக்கு அதிகபட்சம் ஆண்களில் 4, பெண்களில் 2. கெய்னி போன்றவர்கள் ஏறுவது இந்த வழியில்தான், அது இதன் பெருமை. 16 பேர் லீக்கில் ஐந்து பேர் கமிட்டி போட்டால், எந்தப் பெயர் வந்தாலும் அதில் இரண்டு பேருக்காவது சொந்த ஆர்வம் இருக்கும், அது இதன் நோய். மேலும் கமிட்டிக்காரர் விலகினால் பழைய சீசன்களின் நினைவும் அவரோடு போய்விடும்.

சேர்த்துக் கட்டினால்

சீசன் முடிந்து மென்பொருள் ஆட்டக்காரர்களின் வயதை ஏற்றும் நாளுக்கு முன், முழுப் புள்ளிவிவரத்தையும் சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி கூகுள் டிரைவில் போடுங்கள். லீக்கைச் சேமிக்கும் கோப்பு பெருத்துவிடாமல் இருக்க ஓய்வு பெற்றவர்களைக் கழித்துவிடும் ஏற்பாடு சில மென்பொருள்களில் உண்டு. ஆள் போனபின் அவன் கணக்கைத் தேட முடியாது. லீக் சராசரி கோலையும் சேவ் சராசரியையும் அதே கோப்பில் குறித்துவையுங்கள், மறந்துபோவது எப்போதும் இந்த இரண்டு எண்கள்தான்.

காத்திருப்பு நிஜத்தில் மூன்று சீசன். சிம்மில் நம் ஒரு நாளுக்கு லீக்கின் மூன்று நாளை ஓட்டினால், ஏறக்குறைய 190 நாள் நீளும் சீசன் இரண்டு மாதத்தில் முடியும், பிளே-ஆஃபும் டிராஃப்டும் சேர்த்து மூன்று மாதம். மூன்று சீசன் என்றால் ஒன்பது மாதம், அதற்குள் லீக்கில் கால்வாசி ஜி.எம். மாறியிருப்பார். ஒரு சீசன் போதும். காத்திருப்பே வேண்டாம் என்று யாருக்கும் தள்ளுபடி தராதீர்கள். ஹாக்கி ஜாம்பவான் வெயின் கிரெட்ஸ்கிக்கு 1999இல் தந்ததோடு டொராண்டோவும் அதை நிறுத்திவிட்டது.

காலம் திருத்திய இரண்டு வரம்புகளால் ஏழெட்டுப் பெயர் பட்டியலுக்கு வரட்டும். தற்காப்புக்காரர்களில் ஒருவரையோ இருவரையோ கமிட்டி சேர்க்கலாம், அதோடு அதன் வேலை முடிந்தது, ஏற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. பிறகு 75 சதவீத ஓட்டு. 32 அணி என்.எச்.எல்லில் ஆண்டுக்கு நான்கு ஆண்கள்தான் என்றால் 16 அணி லீக்குக்கு இரண்டே அதிகம். யாரும் தேறாத சீசனில் யாரும் ஏற வேண்டாம். ஐந்து தேர்தலில் தேறாதவரின் பெயரைக் கமிட்டி ஒரே ஒரு முறை திரும்பக் கொண்டுவரலாம்.

ஆட்டக்காரரை நாமே உருவாக்கி வளர்க்கும் வகை லீக்குகளில் மட்டும் ஒரு சிக்கல் கூடும். ஓட்டு அந்த ஆட்டக்காரனுக்கா, அவனை வளர்த்த ஆளுக்கா என்பது குழம்பிவிடும். லீக்குக்காக உழைத்தவர்களுக்குப் பில்டர் என்று தனிப் பிரிவு வைத்துவிடுங்கள். நிஜ ஹாலிலும் அது உண்டு. வெப்சைட் கட்டினவரின் சுமாரான சென்டர் ஒருத்தன், அதற்கப்புறம் நன்றிக்காக ஹாலில் ஏற மாட்டான்.