கோவையில் ஒரு ஃபிளாட், திருப்பூரில் ஓர் அடமானம்: புனேயில் உட்கார்ந்து இரண்டையும் பார்த்துக்கொண்ட அனுபவம்

2018ல் கோவை சரவணம்பட்டியில் 48 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் வாங்கினேன். எனக்கு வேலை புனேயில். அடுத்த வருடம், திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருக்கும் குடும்ப நண்பருக்கு, அவர் வீட்டை அடமானமாக எழுதி வாங்கிக்கொண்டு 10 லட்சம் கொடுத்தேன். ஒரு வட்டி, அதாவது வருடத்துக்கு 12 சதவீதம்.

ஃபிளாட்டின் வாடகை 14,000. போட்ட பணத்துக்கு மூன்றரை சதவீதம்தான். அதிலேயே வீட்டு வரி, ஆள் மாறும்போது பெயின்ட், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை எல்லாம் போக வேண்டும். 2020ல் வீட்டிலிருந்தே வேலை என்றதும் குடியிருந்த ஐடி பையன்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பல மாதம் பூட்டிக் கிடந்தது.

பணத்தைவிட ஆளைத் தின்பது சில்லறைத் தொல்லைகள்தான். கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும். ஒரு பிளம்பர், "டைல்ஸை ஒடச்சாத்தானுங்க தெரியும்" என்பார். இன்னொருவர், இடுக்கில் சிமென்ட் அடைத்தால் போதும் என்பார். புனேயில் இருந்துகொண்டு யாரை நம்புவது? கரன்ட் பில் வேறு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. காலி செய்தவர் போன பிறகுதான் கடைசி பில் வரும். அட்வான்ஸில் கொஞ்சம் பிடித்து வைக்காவிட்டால் அது நம் தலையில்.

அடமானத்தில் வேலையெல்லாம் முதலிலேயே. 30 வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா எல்லாம் வக்கீலிடம் காட்டி, நேரில் போய் வீட்டையும் பார்த்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். பணம் வங்கி வழியாகத்தான் போனது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. தெரிந்த ஒருவருக்கு ஒருமுறை கொடுப்பது வேறு. வட்டிக்குக் கொடுப்பதைத் தொழிலாகவே செய்தால், தமிழ்நாட்டில் கடன் கொடுப்போருக்கான 1957ஆம் வருடச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும்.

அதன்பின் மாதம் பிறந்தால் 10,000 கணக்கில் ஏறும், அவ்வளவுதான். பிளம்பர் இல்லை, புரோக்கர் இல்லை. ஆனால் ஒரு வருடம், "பையர் பேமென்ட் இன்னும் வரலீங்க தம்பி" என்று நாலைந்து மாதம் இழுத்தார். வாடகை நின்றால் அட்வான்ஸில் கழிக்கலாம். இங்கே கழிக்க ஒன்றும் இல்லை. வங்கி என்றால் 2002ஆம் வருட சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் விட்டு வீட்டைக் கையில் எடுக்கலாம். தனி ஆளுக்கு அந்த வழி கிடையாது. சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு டிகிரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை வாங்கித்தான் ஏலத்துக்குப் போக வேண்டும். அவர் பாக்கியை மொத்தமாகத் தீர்த்ததால் அந்தப் படி ஏறவில்லை.

வரியில் ஃபிளாட்டுக்குச் சலுகை. வாடகையில் வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதத்தைச் செலவுக் கணக்கே காட்டாமல் கழித்துக்கொள்ளலாம். வட்டி முழுவதும் வருமானம்தான். அசல் வளர்வதும் இல்லை; கெடு முடிந்து என் கைக்கு வந்ததும் அதே 10 லட்சம்தான். கடன் தீர்ந்ததற்கு ரசீது பத்திரம் பதிவு செய்துகொடுத்த பிறகே அவர் நிம்மதியானார். அது இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் என் பெயர் நின்றுகொண்டே இருக்கும்.

இப்போது மறுபடி கேட்கிறார். கொடுப்பதாக இருக்கிறேன், வீட்டு மதிப்பில் பாதிக்குக் கீழே, இரண்டு வருடக் கெடுவில். ஃபிளாட்டை விற்கப்போவதில்லை. ஆனால் ஊரில் இரண்டாவது ஃபிளாட் காட்டுகிறேன் என்று வரும் புரோக்கருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.