ஸிம்மரா, மெல்வாய்னா? ஒரு பள்ளி வாரியத் தேர்தலின் கணக்கு வழக்கு

நகரத்து அரசுப் பள்ளிகளை நிர்வகிக்க ஏழு பேர் உட்காரும் வாரியம். அதில் இரண்டு இடங்களுக்கு 2017 மே 16 அன்று லாஸ் ஏஞ்சலஸில் இறுதிச்சுற்று நடந்தது. அந்தத் தேர்தல் பருவத்தில் இறைக்கப்பட்ட பணம் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலர். அமெரிக்காவில் அதுவரை எந்தப் பள்ளி வாரியத் தேர்தலும் இத்தனை பணத்தைப் பார்த்ததில்லை. ஓட்டுப் போட வந்தவர்களோ பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில்தான்.

நாடே கவனித்தது நான்காம் தொகுதியை. கடலோர வெனிஸிலிருந்து ஹாலிவுட் வரை ஒரு பக்கம், மலைக்கு அப்பால் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதி மறுபக்கம் என்று விரியும் தொகுதி. வசதியான வீடுகள் நிறைய. அங்கே வாரியத் தலைவர் ஸ்டீவ் ஸிம்மரை எதிர்த்து நின்றவர் நிக் மெல்வாய்ன் என்ற 31 வயது வழக்கறிஞர்.

இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் முதலில் தெரிவது வேற்றுமை அல்ல, ஒற்றுமைதான். இருவரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். இருவரும் ‘டீச் ஃபார் அமெரிக்கா’ திட்டத்தின் வழியாக ஏழைப் பிள்ளைகளின் வகுப்பறைக்கு ஆசிரியர்களாக வந்தவர்கள். ஸிம்மர் மார்ஷல் உயர்நிலைப் பள்ளியில் 17 ஆண்டுகள் இருந்துவிட்டு 2009-இல் வாரியத்துக்கு வந்தார். மெல்வாய்ன் வாட்ஸ் பகுதியிலுள்ள மார்க்கம் நடுநிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, ஆட்குறைப்பில் அதை இழந்தார்.

ஆனால் வீட்டுக்கு வந்த துண்டறிக்கைகளைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. ஒரு பக்கம், மெல்வாய்னை டிரம்ப்புடனும் அவருடைய கல்வி அமைச்சர் பெட்ஸி டெவாஸுடனும் முடிச்சுப் போட்டார்கள். மறுபக்கம், மாணவர் ஒவ்வொருவருக்கும் ஐபேட் வாங்கித் தருவதாகக் கிளம்பி 2014-இல் அவமானத்தில் முடிந்த திட்டத்தை ஸிம்மரின் தலையில் மட்டும் கட்டினார்கள். முதலாவது அபாண்டம். இரண்டாவது பாதி உண்மை; வாரியமே கை தூக்கிய திட்டம் அது.

குழந்தை போனால் பணம் போகும், கூரை போகுமா?

இருவரின் முன்னுரிமைகளும் உண்மையில் பிரிகிற இடம் சார்ட்டர் பள்ளி. அரசுப் பணத்தில் நடக்கும், கட்டணம் கிடையாது, ஆனால் நிர்வாகம் தனி அமைப்பின் கையில். லாஸ் ஏஞ்சலஸில் அப்போது இருநூறுக்கும் மேற்பட்ட சார்ட்டர்கள். நாட்டில் வேறெந்தப் பள்ளி மாவட்டத்திலும் (ஒரே வாரியத்தின் கீழ் வரும் பள்ளிகளின் தொகுப்புக்கு அந்தப் பெயர்) இத்தனை இல்லை. எட்டே ஆண்டுகளில் நகரத்து மாணவர்களில் பாதிப் பேரைச் சார்ட்டருக்குள் கொண்டுவர, 49 கோடி டாலரில் கோடீஸ்வரர் ஈலை பிராட் தரப்பு தீட்டிய திட்டம் 2015-இல் வெளியே கசிந்தது. அன்று கிளம்பிய பயம்தான் இந்தத் தேர்தலின் அடிவேர்.

ஸிம்மர் சொன்னது இதுதான்: இதே வேகத்தில் சார்ட்டர்கள் பெருகினால் மாவட்டமே மூழ்கும். இதைப் பலர் ஆசிரியர் சங்கத்துக்காரர் பேச்சு என்று ஒதுக்கினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி ஒதுக்க முடியாது. கலிஃபோர்னியாவில் மாணவர்களின் சராசரி தினசரி வருகையை வைத்துத்தான் மாநிலம் பணம் தருகிறது. ஒரு பள்ளியிலிருந்து முப்பது பிள்ளைகள் சார்ட்டருக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். முப்பதும் ஒரே வகுப்பிலிருந்து போவதில்லை. இந்த வகுப்பில் இருவர், அந்த வகுப்பில் மூவர். ஆக, ஒரு வகுப்பறையையும் மூட முடியாது, ஒரு ஆசிரியரையும் குறைக்க முடியாது. கூரை அதே கூரை, பேருந்து அதே தடம், ஓய்வுபெற்றவர்களின் பாக்கி அதே பாக்கி. வருமானம் மட்டும் முப்பது பிள்ளைக்குக் குறைந்துவிடும். கடுமையான ஊனமுள்ள பிள்ளைகள் பெரும்பாலும் மாவட்டப் பள்ளியிலேயே தங்குவார்கள். அவர்களுக்கு ஆகும் செலவு மற்றப் பிள்ளைகளுக்கு ஆவதைப்போலப் பல மடங்கு.

மெல்வாய்னின் பதில் வேறு திசையிலிருந்து வந்தது. பெற்றோர் ஏன் போகிறார்கள் என்று கேள், போகாதபடி செய். தலைமை அலுவலகத்தின் பிடியைத் தளர்த்தி, பணத்தையும் முடிவெடுக்கும் உரிமையையும் பள்ளிக்கே கொடு. சார்ட்டரா, ஏதாவது ஒரு துறைக்கென்று மாவட்டமே நடத்தும் மேக்னட்டா, பக்கத்துத் தெருப் பள்ளியா என்று பெயர்ப்பலகையைப் பார்க்காதே, பிள்ளை படிக்கிறதா என்று பார். ஓய்வுபெற்றவர்களுக்கான மருத்துவச் செலவில் மட்டும் கொடுக்க வேண்டியும் இன்னும் நிதி ஒதுக்காத தொகை 1,300 கோடி டாலருக்கு மேல் நிற்கிறது, அதை வெளிப்படையாகப் பேசு.

இதிலும் நியாயம் இருக்கிறது. ஆறாம் வகுப்புக்குப் போகும் மகளை வைத்துக்கொண்டு, மாவட்டத்தின் நிதிநிலை சீராகும்வரை எந்தத் தாய் காத்திருப்பாள்? இன்னொன்று, பிள்ளைகள் குறைந்ததற்குச் சார்ட்டர் மட்டுமே காரணம் இல்லை. வாடகை தாங்காமல் நகரத்தை விட்டுப் போன குடும்பங்கள் எத்தனையோ; பிறப்பும் குறைந்தது. 2003 வாக்கில் ஏழு லட்சத்துக்கு மேல் இருந்த மாணவர் எண்ணிக்கை இன்று ஏறக்குறைய நான்கு லட்சம். ஆனால் போட்டி போட்டுத் திருந்து என்கிறவர், திருந்துவதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதையும் சொல்ல வேண்டும். மெல்வாய்ன் பேச்சில் எனக்கு ஒட்டாத இடம் அது.

சார்ட்டர் விஷயத்தில் ஸிம்மரின் கையும் முழுச் சுத்தமில்லை. 2012-இல் புதிய சார்ட்டர்களுக்குத் தடை கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார், தோற்றது. அதன்பின் அவர் இருந்த வாரியம் வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒப்புதல் கொடுத்தபடிதான் இருந்தது. இரு பக்கமும் தலையாட்டுகிறவர் என்று பெயர் வாங்கிய மனிதர், ஒரு பக்கத்துக்குப் பரம எதிரியாகச் சித்திரிக்கப்பட்டதுதான் வேடிக்கை.

மார்க்கம் பள்ளியில் நடந்தது

ஆசிரியர் வேலை பற்றிய பேச்சில் மெல்வாய்னின் தரப்புதான் வலுவானது. அவர் அதை அனுபவித்தே வந்தவர். 2009-இல் மாநிலத்தில் பணம் வற்றியபோது, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற பணிமூப்பு விதிப்படி ஆட்களைக் குறைத்தார்கள். மூத்த ஆசிரியர்கள் நிறைந்த வசதியான பகுதிப் பள்ளிகளில் ஒன்றிரண்டு பேர் போனார்கள். புதியவர்களே வந்து சேரும் மார்க்கம் போன்ற பள்ளிகளிலோ பாதி ஆசிரியர்கள் அளவுக்கு நோட்டீஸ் வாங்கினார்கள். வகுப்பில் தற்காலிக ஆசிரியர்கள் மாறி மாறி வந்து நின்றார்கள். மாணவர்கள் சார்பில் 2010-இல் வழக்குப் போட வேண்டியதாயிற்று.

பணிமூப்பு விதி இல்லாவிட்டால் தலைமை ஆசிரியருக்குப் பிடிக்காதவர்தான் முதலில் போவார் என்பது ஸிம்மரை ஆதரித்த சங்கத்தின் வாதம். அந்தப் பயம் பொய் இல்லை. ஆனாலும், எல்லா ஊருக்கும் பொதுவான விதி ஒன்று எப்போதும் ஏழைப் பிள்ளையின் வகுப்பறையிலேயே போய் விடிகிறது என்றால், அதைத் தொடவே கூடாது என்பவரோடு என்னால் சேர முடியாது.

ஸிம்மர் தரப்பு நெஞ்சு நிமிர்த்திச் சொன்னது தேர்ச்சிக் கணக்கை. 2016-இல் பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டயம் வாங்கியவர்கள் 75 சதவீதம், மாவட்ட வரலாற்றிலேயே அதிகம். சற்று உற்றுப் பார்க்க வேண்டிய எண் இது. பல்கலைக்கழகத்துக்கான பாடங்களில் ‘சி’ எடுத்தால்தான் பட்டயம் என்று வகுத்திருந்த விதியை 2015-இல் வாரியம் ‘டி’ போதும் என்று இறக்கியது. விட்ட பாடங்களை இணையவழி விரைவுப் பாடம் எடுத்து ஈடுகட்டவும் வழி செய்தார்கள். கலை, நூலகம், பள்ளி நர்ஸ் எல்லாம் இருவரின் வாக்குறுதிப் பட்டியலிலும் இருந்தன. அவற்றை ஒப்பிட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

யார் பணம்?

மெல்வாய்னுக்காகச் சார்ட்டர் ஆதரவாளர்கள் கொட்டியது ஆசிரியர் சங்கத்தின் செலவைத் தூக்கிச் சாப்பிட்டது. நெட்ஃபிளிக்ஸின் ரீட் ஹேஸ்டிங்ஸ் சார்ட்டர் சங்கத்தின் அரசியல் கிளைக்குப் பெருந்தொகை கொடுத்தார். முன்னாள் மேயர் ரிச்சர்ட் ரியோர்டன் ஸிம்மரை வீழ்த்தவே 20 லட்சம் டாலருக்கு மேல். ஸிம்மருக்கு ஆதரவாக செனட்டர் பெர்னி சாண்டர்ஸ், மெல்வாய்னுக்கு ஆதரவாக ஒபாமாவின் கல்வி அமைச்சராக இருந்த ஆர்ன் டங்கன். 2013-இல் நியூயார்க் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் எதிர்த்தரப்புக்கு அனுப்பிய பத்து லட்சம் டாலரையும் தாண்டி ஜெயித்தவர் ஸிம்மர். இந்த முறை முடியவில்லை. மெல்வாய்னுக்கு 57 சதவீதம்.

நான்குக்கு மூன்று என்று சார்ட்டர் ஆதரவுப் பெரும்பான்மை அமைந்தது. நிலைக்கவில்லை. அந்த அணியிலிருந்து வாரியத் தலைவரான ரெஃப் ரோட்ரிகஸ் மீது அந்த ஆண்டு செப்டம்பரிலேயே தேர்தல் நிதி மோசடி வழக்கு. 2018 ஜூலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு விலகினார். 2019 ஜனவரி 14 அன்று 30,000-க்கு மேற்பட்ட ஆசிரியர்கள் மழையில் நனைந்தபடி தெருவில் இறங்கினார்கள். ஆறு பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம். முடிவில் சம்பளம் ஆறு சதவீதம் கூடியது, வகுப்பின் அளவு குறைந்தது, எல்லாப் பள்ளிக்கும் நர்ஸ் என்று ஒப்பந்தமானது. புதிய சார்ட்டர்களை நிறுத்திவைக்கும்படி மாநிலத்தைக் கேட்கும் தீர்மானமும் ஜனவரி 29 அன்று வாரியத்தில் நிறைவேறியது. ஆதரவாக ஐந்து பேர், எதிராக ஒருவர். அந்த ஒருவர் மெல்வாய்ன். 2012-இல் ஸிம்மர் கேட்டுத் தோற்றதை, ஸிம்மர் இல்லாத வாரியம் நிறைவேற்றியது. அந்த ஆண்டு அக்டோபரில், சார்ட்டர் விண்ணப்பத்தை மறுக்க உள்ளூர் வாரியங்களுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் சட்டமும் வந்தது.

இத்தனைக்கும் ஆகும் பணம்? கட்டடத்தின் சதுர அடிக்கு ஆண்டுக்கு 16 சென்ட் வீதம் 12 ஆண்டுகளுக்கு வரி கேட்டு மக்களிடம் போனது வாரியம். இந்த முறை மெல்வாய்னும் உடன் நின்றார். 2019 ஜூன் 4 அன்று வாக்கெடுப்பு. இப்படிப்பட்ட உள்ளூர் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பது 1978-இல் கலிஃபோர்னிய மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு போட்ட பூட்டு. பாதி வாக்குகூட விழவில்லை.