கிருஷ்ணகிரியில் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன்: ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த நேரத்தில் அம்மாவின் பித்தப்பைக் கல் ஆபரேஷனை வைத்துக்கொண்டோம். பெங்களூருக்கே கூட்டிப் போயிடு என்று சொந்தக்காரர்கள் நச்சரித்தார்கள். கிருஷ்ணகிரியிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் செய்தோம். சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிதான், மறுநாளே அம்மா எழுந்து நடந்தார். சிஸ்டர்கள் தங்கமானவர்கள். கேன்டீன் காபியைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

எழுத வேண்டியது பித்தநீர் கல்ச்சர் பற்றி. பித்தநீரில் கிருமி வளர்கிறதா, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று லேபில் பார்க்கும் சோதனை அது. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மாங்காய் சீசனில் பித்தப்பை வீங்கிக் காய்ச்சலில் படுத்தவர் வேறு. அதனால் பித்தநீரில் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பியிருந்தார் சர்ஜன். சாதாரணமாகப் பித்தநீரில் கிருமி வளராது. கல், முதுமை, பித்தக்குழாய் அடைப்பு, அந்தக் குழாயில் வைத்த ஸ்டென்ட் என்று ஏதாவது இருந்தால் ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ் போன்ற குடல் கிருமிகள் அங்கே குடியேறிவிடும்.

கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், அப்புறம் அந்தத் தாளை யாரும் தேடுவதில்லை. நான் போய்க் கேட்டால், "பயாப்சி ரிப்போர்ட்டா சார்?" என்கிறார் கவுன்டரில் இருந்தவர். அது வெட்டியெடுத்த பையைச் சோதிப்பது, இது வேறு. மாடிக்கும் கீழுக்கும் அலைந்த பிறகு, லேப் மேசை டிராயரில் மடித்துக் கிடந்ததை எடுத்துத் தந்தார்கள்.

ஈ.கோலை வளர்ந்திருந்தது. மருந்துப் பட்டியலில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்குக்கு நேரே 'ஆர்', அதாவது இந்தக் கிருமிக்கு அது கேட்காது. ஆபரேஷனுக்கு முன் அம்மாவுக்குப் போட்ட ஊசியே அதுதான்! மெடிக்கல் ஷாப்பில் வேறு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுடலாம் என்றார் மாமா. நல்லவேளை, டாக்டரைப் பார்க்க முடிந்தது.

"காய்ச்சல் இல்ல, தொப்புள்கிட்ட புண்ணும் காஞ்சிடுச்சு. கிருமி இருந்த பையையே எடுத்தாச்சே! ரிப்போர்ட்டுக்காக மாத்திரை வேணாம்மா. குளிர் காய்ச்சல், புண்ணில சீழ், கண்ணு மஞ்சளாகுறது, வயித்து வலி, இதுல எது வந்தாலும் உடனே இந்தத் தாளோட வாங்க. எந்த மருந்து கேட்கும்னு இதுலயே இருக்கு."

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் டிஸ்சார்ஜ் அன்றே கல்ச்சர் அனுப்பினார்களா என்று கேட்டு, லேபில் வாட்ஸ்அப் நம்பர் கொடுத்துவிடுங்கள். பயாப்சி ரிப்போர்ட் இன்னும் தாமதமாகும். எங்களுடையதை வாங்கி அனுப்பும் பொறுப்பு மாமா தலையில்.