இரங்கல் குறிப்பைத் தேட: பழைய நாளிதழா, நினைவஞ்சலித் தளமா?

வம்சாவளி தொகுக்க உட்கார்ந்தால், வேறு ஊரில் வாழ்ந்து அங்கேயே காலமான யாராவது ஒருவரிடம் வந்து வேலை நின்றுவிடும். அவருடைய இரங்கல் குறிப்பு கிடைத்தால் மேலே நகரலாம். அதை எங்கே தேடுவது? ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பழைய நாளிதழ்களிலா, நினைவஞ்சலித் தளங்களிலா? இரண்டிலும் தேடிப் பார்த்தபின் நான் நாளிதழ் பக்கம் சாய்ந்தவன். அதை மனதில் வைத்தே மேலே படியுங்கள்.

தளங்களின் வசதியை விளக்க வேண்டியதில்லை. பெயரைத் தட்டினால் படம், வாழ்க்கைக் குறிப்பு, நண்பர்களின் அஞ்சலி என்று எல்லாம் வரும். 1998-இல் தொடங்கிய லெகசி.காம் பல நாளிதழ்களின் மரண அறிவிப்புகளை ஓரிடத்தில் திரட்டுகிறது. 1995-இல் தொடங்கி, 2013 முதல் வம்சாவளித் தேடல் நிறுவனமான ஆன்செஸ்ட்ரியிடம் இருக்கும் ஃபைண்ட் எ கிரேவ் கல்லறை விவரங்களைத் தருகிறது. அண்மைக் கால மரணம் என்றால் முதலில் இங்கே தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

நாளிதழ்த் தேடல் பொறுமையைச் சோதிக்கும். அச்சைக் கணினி படித்து எழுத்தாக மாற்றும் ஓசிஆர், மங்கிய எழுத்தில் தடுமாறும். வரி முடிவில் பெயர் இரண்டாக உடைந்திருந்தால் பல நேரம் தேடலில் சிக்காது. அப்போது பெயரை விட்டுவிட்டு தெருப் பெயர், பிள்ளைகளின் பெயர், பார்த்த வேலை என்று சுற்றி வளைத்துத் தேட வேண்டும். பழைய ஆங்கில இதழ்களில் மணமான பெண்கள் பலர் சொந்தப் பெயரிலேயே இருக்க மாட்டார்கள். திருமதி என்று போட்டு கணவரின் முழுப்பெயரை எழுதிவிடுவார்கள். ஆக, கணவர் பெயரிலும் தேடத்தான் வேண்டும்.

இவ்வளவு பாடு இருந்தும் நாளிதழ் ஏன்? தேதிக்காக.

இரங்கல் குறிப்பு அந்த வாரத்து ஊர்க்காரர்களுக்காக எழுதப்படுவது. 'செவ்வாயன்று காலமானார், வெள்ளியன்று நல்லடக்கம்' என்று இருக்கும், ஆண்டு இருக்காது. அதையே யாரோ தட்டச்சு செய்து ஒரு தளத்தில் ஏற்றும்போது, அது எந்தச் செவ்வாய் என்பது தொலைந்துவிடுகிறது. பக்கத்தில் தெரியும் தேதி, பல நேரம் பதிவேற்றிய தேதியாக இருக்கும். நாளிதழ்ப் பக்கத்திலோ மேலேயே இதழின் பெயரும் நாளும் அச்சாகியிருக்கும். தினசரி என்றால் வழக்கமாகச் சில நாட்களுக்குள் குறிப்பு வந்துவிடும். வார இதழ் என்றால் தள்ளிப் போகலாம், எந்த வாரத்துச் செவ்வாய் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். ஆனாலும் கணக்குப் போட ஒரு பிடி இருக்கிறது.

தேதி கைக்கு வந்தபின்தான் குறிப்பின் கடைசிப் பத்தி பேசத் தொடங்குகிறது. அவர் விட்டுச் சென்ற உறவினர்கள் யார், யார் எந்த ஊரில், எந்த மகள் இப்போது எந்தக் குடும்பப் பெயரில், யார் அவருக்கு முன்பே மறைந்தார்கள் என்ற பட்டியல் அது. தம்பியின் பெயர் இருப்பவர்களோடு இருந்தால், அந்த நாளில் தம்பி உயிரோடு இருந்தார் என்று பொருள். எந்த நாள் என்று தெரியாவிட்டால் இந்தத் தகவலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அச்சான பக்கம் மாறாது என்பதும் இதோடு சேர்ந்தது. தளத்தில் இருப்பதைப் பிறகு திருத்தலாம். பிழை சரியாகும், நல்லதுதான். ஆனால் சண்டை போட்டுப் பிரிந்த மகனின் பெயரை யாராவது எடுத்துவிட்டால் நமக்குத் தெரியவே வராது. ஈமச்சடங்கு நிறுவனங்களின் தளங்கள் கைமாறும்போது பழைய பக்கங்கள் காணாமல் போவதும் உண்டு. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் சிலவற்றை மீட்டுத் தரும், எல்லாவற்றையும் அல்ல. போதாததற்கு நகலெடுத்துப் பிழைக்கும் தளங்கள் வேறு. கனடாவில் ஆஃப்டர்லைஃப் என்ற தளம், குடும்பத்தினர் எழுதிய குறிப்புகளை அனுமதியில்லாமல் எடுத்துப் போட்டு, பக்கத்திலேயே பூவும் மெழுகுவர்த்தியும் விற்றது. 2019-இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2 கோடி கனடிய டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

அதற்காக அச்சில் வந்ததெல்லாம் சத்தியம் என்று சொல்லவில்லை. இதழின் நிருபர் எழுதும் இரங்கல் கட்டுரை வேறு, குடும்பம் காசு கொடுத்துப் போடும் மரண அறிவிப்பு வேறு. இரண்டாவதை யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். துக்க வீட்டின் அவசரத்தில் வயது தவறாகப் போயிருக்கலாம்.

நாளிதழ்க் களஞ்சியங்களுக்கும் எல்லை உண்டு. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் இலவசம். ஓசிஆர் பிழைகளை வாசகர்களே திருத்தவும் விடுகிறார்கள். ஆனால் அதில் பெரும்பாலான இதழ்கள் 1954 வரைதான். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் குரோனிக்லிங் அமெரிக்கா 1963-ஓடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிந்தையவற்றுக்குப் பெரும்பாலும் கட்டணக் களஞ்சியங்கள்தான். சந்தா கட்டும் முன் உங்கள் நூலக உறுப்பினர் அட்டையிலேயே அது கிடைக்கிறதா என்று கேளுங்கள், பல இடங்களில் கிடைக்கும். இதழ்களைச் சிறிதாகப் படமெடுத்து வைத்திருக்கும் மைக்ரோஃபிலிம் சுருளில் தேடுவது பற்றி எனக்கு அதிகப் பழக்கமில்லை, அதனால் அதை ஒப்பிடவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான்: தளத்தில் ஊரையும் உத்தேசமான காலத்தையும் பிடித்துக்கொண்டு நாளிதழுக்குப் போகிறேன். ஆஸ்திரேலியா என்றால் நாளிதழ் மரண அறிவிப்புகளுக்குத் தன்னார்வலர்கள் தொகுக்கும் அட்டவணையான ரைர்சன் இன்டெக்ஸ் முதல் படி. அதில் குறிப்பின் வாசகம் இருக்காது; எந்த இதழ், எந்த நாள் என்பது மட்டும் இருக்கும். அந்த இரண்டையும் எழுதி, இதழைச் சேமித்து வைத்திருக்கும் நூலகத்துக்கு அனுப்பினால் மிச்சத்தை அவர்கள் தேடி எடுக்க முடியும்.