அலுவலக எண்ணுக்கு வரும் அழைப்பை வெளியூருக்குத் திருப்ப எந்த வழி நல்லது?

அலுவலகத்தைப் பூட்டிய பிறகும், மேலாளர் மதுரைக்கோ டில்லிக்கோ போயிருக்கும் நாள்களிலும், சென்னை எண்ணுக்கு வரும் அழைப்பு அவருடைய கைபேசியில் ஒலிக்க வேண்டும் என்று சிறு நிறுவனங்கள் பலவும் கேட்கின்றன. இதை மூன்று இடங்களில் செய்யலாம். அலுவலகத்திலுள்ள ஈபிஏபிஎக்ஸ் இயந்திரமே, அதாவது வெளிலைன்களை உள்ளே இருக்கும் தொலைபேசிகளோடு இணைக்கும் பெட்டியே, ஒரு லைனில் வரும் அழைப்பை இன்னொரு லைன் வழியாக வெளியே அனுப்பலாம். தொலைபேசி நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சிலேயே திருப்பிவிடச் சொல்லலாம். அல்லது கைபேசியில் ஒரு செயலியை நிறுவி, அதையே இயந்திரத்தின் எக்ஸ்டென்ஷன்களில் (உள் இணைப்புகளில்) ஒன்றாக்கலாம்.

ஒரு காலத்தில் இந்தத் தேர்வைக் கட்டணம்தான் தீர்மானித்தது. 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, ஆபரேட்டர் உதவியின்றி வெளியூருக்கு நேரடியாக டயல் செய்யும் எஸ்டிடி தொடங்கிய பிறகு, பல பத்தாண்டுகள் தூரத்துக்கேற்பவே கட்டணமும் ஏறியது. 2006 மார்ச்சில் பிஎஸ்என்எல் நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற திட்டத்தைக் கொண்டுவந்ததும் அந்தக் கணக்கின் எடை வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்று நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு: மறுமுனையில் ஆள் எடுத்தாரா, பேசி முடித்து வைத்தாரா என்பது, அழைப்பைத் திருப்புகிற இடத்துக்கு உறுதியாகத் தெரிகிறதா?

இயந்திரத்திலேயே திருப்பும் முதல் வழி, செம்புக்கம்பியில் வரும் சாதாரண லேண்ட்லைன்களோடு சேரும்போது இந்தக் கேள்வியில் தோற்றுப்போகிறது. எக்ஸ்டென்ஷனில் ஒருவர் பேசும்போது அவர் ரிசீவரை வைத்ததும் இயந்திரம் லைனை விட்டுவிடும். ஆனால் இரு முனைகளிலும் வெளியாள்களே இருக்கும்போது, ரிசீவரை வைப்பதற்கு அலுவலகத்துக்குள் யாருமில்லை. எக்ஸ்சேஞ்ச் லைனின் துருவத்தை மாற்றிக் காட்டினால்தான், அல்லது 400 ஹெர்ட்ஸில் முக்கால் நொடி ஒலித்து முக்கால் நொடி ஓயும் பிஸி டோனை இயந்திரம் சரியாக இனங்கண்டால்தான், பேச்சு முடிந்தது அதற்குத் தெரியும். நான் அமைத்துக்கொடுத்த ஓர் அலுவலகத்தில் இந்த இரண்டுமே கைகொடுக்கவில்லை. மாலையில் ஓர் ஓட்டுநர் பேசி முடித்த பிறகும் இரு லைன்களும் ஒன்றையொன்று பிடித்தபடி விடியும்வரை கிடந்தன. அன்றிரவு முழுக்க அந்த எண்ணை அழைத்தவர்களுக்கெல்லாம் பிஸி டோனே கிடைத்தது. அந்தத் தவறு என்னுடையது. டோனைக் கண்டறியும் அமைப்பை நான் சோதித்துப் பார்க்காமலே வந்துவிட்டேன். சிறு இயந்திரங்கள் பலவற்றில் வெளிலைனோடு வெளிலைனை இணைக்கும் அழைப்புக்கு நேர வரம்பு வைக்க இடமிருப்பது இதற்காகத்தான். அந்த வரம்பை எடுத்துவிடச் சொல்லும் வாடிக்கையாளரிடம் நான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம்.

இதே லைன்களில் இன்னொரு குறையும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. வெளியே டயல் செய்து முடித்ததுமே மறுமுனை எடுத்துவிட்டதாக இயந்திரம் கருதிக்கொள்கிறது. மேலாளரின் கைபேசி அணைந்திருந்தால், அலுவலகத்தை அழைத்த வாடிக்கையாளரின் காதில் விழுவது, நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்ற அறிவிப்புதான். தவிர, ஓர் அழைப்பு இரண்டு லைன்களை விழுங்குகிறது என்பதால், மூன்று லைன் உள்ள அலுவலகத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது அழைப்பைத் திருப்ப வழியில்லாமல் போகும்.

பல அழைப்புகளை ஒரே இணைப்பில் கொண்டுவரும் பிஆர்ஐ என்ற டிஜிட்டல் லைனோ, இணைய நெறிமுறையில் வரும் வெளிலைனான எஸ்ஐபி டிரங்கோ இருந்தால் நிலைமை தலைகீழாகிறது. பிஆர்ஐயில் முப்பது பேச்சுத் தடங்களோடு சமிக்ஞைக்கென்று தனித்தடம் ஒன்று இருப்பதால், எடுத்ததும் வைத்ததும் டோனாக அல்லாமல் செய்தியாகவே வந்து சேர்கின்றன. லைன் தொங்கிக்கிடக்கும் பேச்சுக்கே இடமில்லை. திருப்பிய அழைப்பை எடுத்தவர் ஏற்பதற்கு 1 என்ற எண்ணை அழுத்தச் சொல்லும் ஏற்பாட்டை ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளில் இயங்கும் வகை இயந்திரங்களில் வைத்துக்கொண்டால், எடுத்தது ஆளா, பதிவுசெய்த அறிவிப்பா என்ற ஐயமும் தீர்ந்துவிடும். அலுவலக நேரத்தில் ஒருவருக்கு, இரவில் இன்னொருவருக்கு, அவர் எடுக்காவிட்டால் மூன்றாமவருக்கு என்று வகுக்கும் நுணுக்கம் இயந்திரத்துக்கே உரியது, எக்ஸ்சேஞ்சால் அந்த அளவுக்கு இறங்கி வர முடியாது. இங்கே எஞ்சும் குறை, அழைத்தவர் எண் மேலாளருக்குத் தெரியாமல் போவது. நமக்கு ஒதுக்கப்படாத எண்ணை நம் லைனிலிருந்து அனுப்பினால் தொலைபேசி நிறுவனம் அதை நீக்கிவிட்டு அலுவலக எண்ணையே காட்டுவது இயல்பு. எஸ்ஐபியில் திருப்பிவிட்டவர் யார் என்பதைத் தனித் தலைப்புவரியில் அனுப்ப வழியுண்டு என்றாலும், அதை ஏற்பதும் மறுப்பதும் அந்த நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது.

எக்ஸ்சேஞ்சில் திருப்பும் இரண்டாவது வழியை நான் மிக மதிக்கிறேன். அழைப்பு அலுவலகத்துக்கே வருவதில்லை. எனவே நம் லைன்கள் எதுவும் செலவாவதில்லை, முடிந்ததை அறியும் பொறுப்பும் அதற்கென்றே கட்டப்பட்ட இயந்திரத்திடம் போய்விடுகிறது. நம் அலுவலகத்தில் மின்சாரம் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கிய பின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தபோது, பூட்டிய அலுவலகத்தின் மேசைக்கடியில் பேட்டரி தீர்ந்து கிடந்த ஈபிஏபிஎக்ஸ் எந்த அழைப்பையும் திருப்பியிருக்க முடியாது. ஆனால் வரவேற்புக் குரலோ உரையாடல் பதிவோ வேண்டுவோருக்கு இது பயன்படாது. திருப்பிய பகுதிக்கான கட்டணமும் நம் கணக்கில்தான் ஏறும்.

லேண்ட்லைனுக்குப் பதிலாகக் கைபேசி எண்ணையே அலுவலக எண்ணாக வைத்திருப்பவர்களும் இந்த வழியையே நாடுவார்கள். அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நட்சத்திரக் குறியும் 401-உம் சேர்ந்த குறியீட்டை டயல் செய்யச் சொல்லி மக்களின் அழைப்புகளைத் தங்கள் எண்ணுக்குத் திருப்பிக்கொண்ட மோசடிகள் பெருகியதால், யுஎஸ்எஸ்டி குறியீடு வழியாகத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

மூன்றாவது வழியான செயலியில் அழைப்பு இயந்திரத்தின் கட்டுப்பாட்டைவிட்டு வெளியேறுவதே இல்லை: அழைத்தவர் எண் அப்படியே தெரியும், இரண்டாவது டிரங்க் தேவையில்லை, அங்கிருந்தே இன்னொருவருக்கு மாற்றித் தரலாம். ஆனால் ரயிலில் போகிறவரின் இணையம் அறுந்தால் பேச்சும் அறும். அதைவிடப் பெரிய கவலை, இயந்திரத்தை இணையத்துக்குத் திறந்துவைப்பது. எஸ்ஐபியின் வழக்கமான நுழைவாயிலான 5060 போர்ட்டை நேரடியாகத் திறந்துவைத்தால், எளிய கடவுச்சொல் உள்ள எக்ஸ்டென்ஷனைத் தேடும் தானியங்கி நிரல்கள் வந்து தட்டத் தொடங்கிவிடும். விபிஎன் என்ற பாதுகாக்கப்பட்ட தனிவழி இல்லாமல் இதை அமைத்துத் தர நான் ஒப்புவதில்லை.

இவற்றோடு நான்காவதாகச் சிலர் கேட்பது டிசா. வெளியிலிருந்து அழைத்து, ரகசிய எண்ணை அழுத்தி, அலுவலகத்தின் டயல் டோனைப் பெற்று எங்கு வேண்டுமானாலும் பேசும் வசதி அது. வேண்டவே வேண்டாம் என்பதே என் பதில். மேலே சொன்ன வழிகளில் சேரும் எண்ணை நாம் முன்பே குறித்துவிடுகிறோம்; இதில் அழைப்பவரே குறிக்கிறார். நாலிலக்க ரகசிய எண்ணைக் கண்டுபிடிக்கக் கணினிக்கு வெகுநேரம் பிடிக்காது. ஆளில்லாத வார இறுதியில் அதை உடைத்து, அதிகக் கட்டணம் வாங்கும் வெளிநாட்டு எண்களுக்குப் பேசித் தள்ளுவது உலகெங்கும் அறியப்பட்ட மோசடி. பில் வருவதோ லைனின் உரிமையாளருக்கு.

சென்னைக்கு வந்த அழைப்பை நிறுவனத்தின் சொந்தத் தரவு வலை வழியாக டில்லிக் கிளைக்குக் கடத்தி, அங்கே உள்ளூர் லைனில் இறக்கிவிட்டால் எஸ்டிடி கட்டணம் மிச்சம்தானே என்று கேட்பவர்களும் உண்டு. டோல் பைபாஸ் என்று அழைக்கப்படும் இது இந்தியாவில் அனுமதிக்கப்படாத ஒன்று. அதை ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாது.

ஆகவே இரண்டு மூன்று செம்புக்கம்பி லைன்களோடு இயங்கும் அலுவலகத்துக்கு எக்ஸ்சேஞ்சிலேயே திருப்பிவிடும்படி சொல்வேன். பிஆர்ஐ அல்லது எஸ்ஐபி உள்ள அலுவலகத்துக்கு, குறித்த எண்களுக்கு மட்டும் போகும்படியும் ஐஎஸ்டி (வெளிநாட்டு அழைப்பு) பூட்டிய டிரங்க் வழியாகவும் இயந்திரத்திலேயே திருப்பச் சொல்வேன். நாள் முழுக்க வெளியில் இருந்தபடி அழைப்புகளைக் கையாளும் ஓரிருவருக்கு மட்டும் செயலி போதும்.

எதைத் தேர்ந்தாலும் லேண்ட்லைனிலிருந்து கைபேசிக்குத் திருப்பும் எண்ணின் முன்னால் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2021 ஜனவரி 15 முதல் அது கட்டாயம். அதற்கு முன் பதிந்துவைத்த பழைய எண்கள் இன்னும் சில இயந்திரங்களில் அப்படியே இருக்கின்றன. பிறகு வெளியிலிருந்து ஒருமுறை அழைத்துப் பேசி, இரு முனைகளையும் வைத்துவிட்டு, இயந்திரத்தின் லைன் விளக்கு அணைய எத்தனை நொடி ஆகிறது என்று எதிரே நின்று பாருங்கள்.