15 வயதுக் காருக்கு ஆர்.சி. புதுப்பித்த அனுபவம்: ஓர் எழுத்துக்காக அலைந்த 47 நாட்கள்

நண்பர் ஒருவர் 2010-இல் பதிவான மாருதி 800 காரை விலை பேசி வைத்திருக்கிறார். அதன் பதிவுக் காலம் முடியும் தறுவாயில் இருப்பதால் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. சென்ற ஆண்டு என் 2009-ஆம் ஆண்டு மாருதி 800-க்கு ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) புதுப்பித்த எனக்கு அந்த வழி தெரியும் என்பதால், "எஃப்.சி. காட்டுவது (வண்டியைத் தகுதி ஆய்வுக்குக் கொண்டுபோவது) பெரிய தொல்லையா?" என்று கேட்டார். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாததால்தான் இதை எழுதுகிறேன்.

காரை 2021-இல் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவர் அன்றே கையெழுத்திட்டுக் கொடுத்தார். வங்கிக் கடனைக் கட்டி முடித்த கையோடு படிவம் 35 வாங்கி எச்.பி. கேன்சலும் (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்குவது) செய்து வைத்திருந்ததால் அந்த வேலை சுலபமாக முடிந்தது. பழைய ஆர்.சி. புத்தகத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்படைத்தேன், என் பெயரில் ஆர்.சி. அட்டை வந்தது. அட்டையில் என் பெயரையும் முகவரியையும் மட்டும் சரிபார்த்தேன், வண்டியின் உடலில் குத்தப்பட்டிருக்கும் அடையாள எண்ணான சேஸிஸ் எண்ணைப் படிக்கவில்லை. பின்னால் பட்ட பாடு முழுவதும் அங்கேதான் தொடங்கியது.

சொந்தப் பயன்பாட்டுக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு ஆய்வுக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித்துக்கொள்ள வேண்டும். காலம் முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்பிருந்தே படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம் என்பதால், நான் 50 நாள் இருக்கும்போதே போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் இணையதளத்தில் தொடங்கிவிட்டேன். மார்ச் 2022 வரை 600 ரூபாயாக இருந்த கட்டணம் இப்போது 5,000 ரூபாய் என்பதைப் பார்த்தபோது மனம் சுணங்கியது உண்மை. பசுமை வரி தனி. ஆனாலும் பழைய வண்டி விடும் புகைக்கும் அது பிடிக்கும் இடத்துக்கும் ஒரு விலை இருக்கத்தான் வேண்டும் என்று நான் நம்புகிறேன், ஆகவே அந்தத் தொகையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. 20 வயதைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கியிருக்கிறார்கள் என்பதை மட்டும் நண்பர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

படிவத்தில் ஒட்டுவதற்கு சேஸிஸ் எண்ணின் பிரிண்ட் எடுக்க வேண்டும். மாருதி 800-இல் அந்த எண் இன்ஜினுக்குப் பின்னால், பானெட்டைத் திறந்தால் தெரியும் தடுப்புத் தகட்டில் குத்தப்பட்டிருக்கிறது. 15 ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அதன்மேல் தார் போலப் படிந்திருந்தன. என் மெக்கானிக் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பொறுமையாகத் துடைத்தார். கம்பித் தூரிகை போட்டால் எண்ணே தேய்ந்துவிடும் என்று அதைத் தொடவே இல்லை. நன்றாகக் காய்ந்த பின் பென்சிலைப் படுக்கவைத்துத் தகடு முழுவதும் கரி ஏறும்படி தேய்த்து, அதன்மேல் செல்லோடேப்பை ஒட்டி நகத்தால் நீவி, ஒரே இழுப்பில் உரித்தார். பதினேழு எழுத்தும் டேப்பில் பளிச்சென்று வந்துவிட்டன. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

ஆய்வுக்குக் குறித்த நாளில் மோட்டார் வாகன ஆய்வாளர் நடந்துகொண்ட முறையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். புரோக்கர் யாரும் இல்லாமல் நேரில் போனால் மதிக்க மாட்டார்கள் என்று பலர் பயமுறுத்தியிருந்தார்கள், அப்படி எதுவும் நடக்கவில்லை. விளக்கு, ஹாரன், வைப்பர், ஹேண்ட்பிரேக் எல்லாவற்றையும் இயக்கச் சொல்லிப் பார்த்தார். புகைச் சான்றிதழையும் இன்சூரன்ஸையும் வாங்கிப் படித்தார். பிறகு பானெட்டுக்குள் குனிந்து, தகட்டில் உள்ள எண்ணைப் படிவத்தில் ஒட்டியிருந்த பிரிண்டோடும் என் ஆர்.சி. அட்டையோடும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். "சார், வண்டியில பத்தாவது, பதினொண்ணாவது எழுத்து ரெண்டும் ஒரே மாதிரி சுழி, அதாவது பூஜ்யம். உங்க கார்டுல முதல்ல இங்கிலீஷ் ஓ, அடுத்தது சுழி. இதைத் திருத்தாம நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. இத்தனை ஆண்டுகளில் அந்த எண்ணை உண்மையாகப் படித்த முதல் மனிதர் அவர்தான்.

இவ்வளவு காலம் இது எப்படிச் சிக்காமல் போயிற்று என்பதும் அன்றுதான் புரிந்தது. இணையத்தில் அடையாளத்துக்குக் கேட்பது சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளை மட்டுமே. பிழை நடுவில் இருந்ததால் ஓ.டி.பி. வந்தது, பணமும் கட்ட முடிந்தது. இன்சூரன்ஸ் நிறுவனமும் அதே பிழையான எண்ணை ஆண்டுதோறும் அப்படியே அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

என் கோபம் தொடங்குவது இதற்குப் பிறகுதான். 17 எழுத்து கொண்ட வாகன அடையாள எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே கூடாது என்பது உலகம் முழுவதும் உள்ள விதி. ஒன்றோடும் சுழியோடும் குழம்பிவிடக் கூடாது என்பதற்காகவே அவற்றை விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆக, என் காரின் எண்ணில் ஓ இருப்பதற்கு வாய்ப்பே இல்லை. புத்தகத்திலிருந்து கணினிக்கு ஏற்றும்போது அலுவலகத்தில் யாரோ செய்த தட்டச்சுப் பிழை அது. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பழைய ஆர்.சி. புத்தகத்தின் ஜெராக்ஸில் சுழி தெளிவாக இருந்தும், ஜெராக்ஸ் செல்லாது, மூல ஆவணம் வேண்டும் என்றார்கள். மூலப் புத்தகத்தை வாங்கிக்கொண்டதே அவர்கள்தான். நான்கு முறை போனேன், நான்கு முறையும் அரை நாள் விடுப்பு. ஒரு நாள் அதைத் திருத்தும் அதிகாரம் உள்ளவர் விடுமுறையில் இருந்தார், இன்னொரு நாள் சர்வர் வேலை செய்யவில்லை. இதற்கிடையில் பதிவுக் காலம் முடிந்துவிட்டதால் காரை வெளியே எடுக்கவே முடியவில்லை. உடம்பு முடியாத என் அம்மாவை மருத்துவமனைக்கு ஆட்டோவில் அழைத்துப் போக நேர்ந்த நாட்களில் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கடைசியில் காப்பாற்றியவர் காரை விற்ற ஆசிரியர். தயங்கித்தான் போன் செய்தேன். "படிவம் 21 இருக்கு தம்பி, ஷோரூம்ல கொடுத்த ஒரிஜினல் விற்பனைச் சான்றிதழ். எதையும் நான் தூக்கிப் போட்டதில்லை, வந்து வாங்கிக்கோங்க" என்றார். போய்ப் பார்த்தால், மஞ்சள் காகிதக் கோப்பு ஒன்றில் விற்பனைச் சான்றிதழ், முதல் இன்சூரன்ஸ், சாலை வரி ரசீது எல்லாம் தேதி வரிசையில் கட்டப்பட்டிருந்தன. காரை விற்று மூன்று ஆண்டு ஆன பிறகும் அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தது, இந்த அனுபவம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த ஒரே நிறைவு. கோப்பை முழுவதுமாக என்னிடமே கொடுத்துவிட்டார்.

படிவம் 21-ஐக் கொடுத்த ஐந்தாவது முறை எழுத்தைத் திருத்தினார்கள். இன்சூரன்ஸிலும் எண்டார்ஸ்மெண்ட் (திருத்தக் குறிப்பு) வாங்கி எண்ணை மாற்றினேன். அதே ஆய்வாளர் மறுபடி பார்த்துக் கையெழுத்திட்டார். கட்டணத்தை முன்பே கட்டியிருந்ததால் தாமதக் கட்டணம் கேட்கவில்லை. முதல் ஆய்விலிருந்து 47-ஆம் நாள் புதிய அட்டை அஞ்சலில் வந்தது. இந்த முறை 17 எழுத்தையும் விரல் வைத்துப் படித்தேன். 2029 வரை கவலை இல்லை.

கார் இன்றும் அருமையாக ஓடுகிறது, 796 சிசி இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆய்வு முறை நேர்மையாக இருந்தது, கட்டணம் எனக்கு நியாயமாகவே பட்டது. இத்தனையும் எழுதிய பிறகும், அந்த 2010 காரை வாங்க வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். வாங்கியே தீருவேன் என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு துணியும் மண்ணெண்ணெயும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். படிவம் 21-இன் மூலப்பிரதி விற்பவரிடம் இருக்கிறதா என்று அவர் இன்னும் கேட்கவில்லை.