தண்ணி மாத்திரையோடு பல வருடங்கள்: டர்பனிலிருந்து ஓர் அனுபவம்

பிரஷருக்காக ஹைட்ரோகுளோரோதயசைட் சாப்பிடத் தொடங்கி பத்து வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. எங்கள் சாட்ஸ்வர்த் பக்கம் எல்லோரும் 'தண்ணி மாத்திரை' என்றுதான் சொல்வார்கள். சாப்பிட ஆரம்பித்த இரண்டாவது வாரமே "இது நமக்குச் சரிப்படாது" என்று நிறுத்திவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நிறுத்தியதை கிளினிக்கில் சொல்வதும் இல்லை. இந்த மாத்திரையின் தொல்லை முதல் நாளே தெரிந்துவிடுகிறது. அது செய்யும் நன்மை தெரிய வருடக்கணக்காகும். அதனால்தான் அதோடு நீண்ட நாள் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

எனக்கு ஆரம்பத்தில் 164/98 இருந்தது. ஒருமுறை பார்த்து முடிவுகட்டவில்லை. வெவ்வேறு நாட்களில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல் வைத்துப் பார்த்தார்கள். உப்பைக் குறைத்து, நடந்து பார்த்தும் இறங்காததால் 12.5 மில்லிகிராமில் தொடங்கினார்கள். தென்னாப்பிரிக்க அரசு கிளினிக்குகளில் பெரும்பாலும் இதுதான் முதல் மருந்து. போதவில்லை என்றால் எனலாப்ரில் அல்லது அம்லோடிபின் என்ற வேறு வகை பிரஷர் மாத்திரையைச் சேர்ப்பார்கள்.

முதல் சில வாரங்கள் சிரமம்தான், மறைக்கவில்லை. மாத்திரை உள்ளே போய் இரண்டு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். ஆறு மணி நேரமாவது விடாது. ஏழு மணிக்கு டாக்ஸியில் (இங்கே அது பலர் சேர்ந்து போகும் மினிபஸ்) ஏறி நெரிசலில் டவுனுக்குப் போகிறவளுக்கு இது பெரிய விஷயம். நடுவழியில் நிறுத்தச் சொல்ல முடியாது. சிஸ்டரிடம் சொன்னேன். "டவுனுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள், டாக்ஸியில் தொல்லை இருக்காது. ராத்திரி மட்டும் வேண்டாம், தூக்கம் கெடும். தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள்" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். மூத்திரத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். டர்பன் வெயிலில் அது மயக்கத்தில்தான் கொண்டுபோய் விடும்.

இரண்டு மாதத்துக்குள் கழிப்பறை ஓட்டம் தானாகவே நின்றுவிட்டது. மாத்திரை வேலை செய்யவில்லையோ என்று எனக்குக் கவலை. ஆனால் பிரஷர் 140-க்கு வந்திருந்தது. டாக்டர் விளக்கினார். சிறுநீரகம் வடிகட்டிய உப்பில் ஒரு பகுதியைத் திரும்ப ரத்தத்துக்கு எடுத்துக்கொள்ளாமல் இந்த மருந்து தடுக்கிறது. உப்போடு தண்ணீரும் வெளியேறும். சில வாரங்களில் உடம்பு அதற்குப் பழகி, ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகும் பிரஷர் தாழ்ந்தே இருப்பதற்குக் காரணம் ரத்தக் குழாய்களின் இறுக்கம் தளர்வது. ஆகவே நிறைய மூத்திரம் போனால்தான் மருந்து வேலை செய்கிறது என்பது சரியில்லை. இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுகிறவர்கள் இந்த மாற்றத்தைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

'பழைய மருந்து, விலை குறைந்தது, அதனால்தான் அரசாங்கம் கொடுக்கிறது' என்றும் ஒரு பேச்சு உண்டு. பழையதுதான், 1950-களின் கடைசியில் வந்தது. ஆனால் 2002-ல் வெளிவந்த ஆல்ஹாட் என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் இதே வகையைச் சேர்ந்த குளோர்தாலிடோனை, அம்லோடிபின், லிசினோப்ரில் என்ற இரண்டு புதிய மருந்துகளோடு ஒப்பிட்டார்கள். மாரடைப்பைத் தடுப்பதில் அது அவற்றுக்குச் சற்றும் குறையவில்லை. என் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருக்கு இதே போன்ற இன்டாபமைட் என்ற மாத்திரையைக் கொடுத்தபோது இந்த வயதில் எதற்கு என்று வீட்டில் கேட்டோம். எண்பது வயதைக் கடந்தவர்களிடமே அதை வைத்து நடத்தி 2008-ல் வெளியிட்ட ஹைவெட் ஆய்வில் மரணங்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக டாக்டர் சொன்னார். அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

இனி பொட்டாசியம். இந்த மாத்திரையோடு வாழ்கிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைக்கவேண்டும். இரண்டாம் வருடம் ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. மாடி ஏறினால் தொடையில் பலமே இல்லை. வயசாகிறது என்று சுற்றிலும் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.2. குறைந்தது 3.5 இருக்கவேண்டும். உப்பை வெளியே தள்ளும்போது இதையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது மருந்து. பிரஷரும் இன்னும் கொஞ்சம் இறங்கவேண்டியிருந்ததால் எனலாப்ரில் சேர்த்தார்கள். அது பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும் மருந்து. இரண்டும் சேர்ந்தபின் கால் பிடிப்பு போய்விட்டது, பிரஷரும் 130-ஐ ஒட்டி நிற்கிறது. பீன்ஸ் கறி, வாழைப்பழம், மடும்பி (சேப்பங்கிழங்கு) எல்லாம் பொட்டாசியத்துக்கு நல்லவை. ஆனால் எனலாப்ரில் சாப்பிடுகிறவர்கள் சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் 'லைட்' உப்பை டாக்டரைக் கேட்காமல் வாங்கவேண்டாம். அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. குறைவதைப் போலவே அளவுக்கு மீறி ஏறுவதும் இதயத்துக்கு ஆபத்து. வருடத்துக்கு ஒருமுறையாவது பொட்டாசியம், சோடியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். வரிசை நீளமாக இருக்கும் நாளில் கேட்காமல் போனால் விட்டுப்போகும்.

உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு தண்ணி மாத்திரையும் சாப்பிட்டால் மாத்திரையின் பலனும் குறையும், பொட்டாசியமும் இன்னும் வேகமாகப் போகும். அச்சாரும் கருவாடும் உப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். ரொட்டியை யாரும் நினைப்பதில்லை. இங்கே 2016 முதல் சட்டம் போட்டு ரொட்டியின் சோடியத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். 2019 முதல் அது 100 கிராமுக்கு 380 மில்லிகிராம். அப்படியும் ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பும் பன்னி சாவ், அதுவும் கால் ரொட்டி என்றால் ரொட்டியில் மட்டுமே 600 மில்லிகிராமுக்கு மேல் வரலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாள் அளவு 2,000-க்கும் கீழே. உள்ளே இருக்கும் கறியை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தைப்பூசக் காவடி எங்களுக்கு உச்சிக் கோடையில் வருகிறது. விரதம், வெறுங்கால், தலையில் பால்குடம், உடம்பெல்லாம் வியர்வை. போன வருடம் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அக்கா அப்படியே சரிந்துவிட்டார். பிறகு விசாரித்தால் அவரும் தண்ணி மாத்திரைக்காரர்தான், முதல் நாள் மாலையிலிருந்து தண்ணீர்கூட தொடவில்லை. நான் விரதம் தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் போய்விடுவேன். விரத நாட்களில் வழக்கம்போல் போடச் சொன்னார், காவடி எடுக்கும் காலையில் மட்டும் தள்ளிவைக்கச் சொன்னார். எனக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், உங்கள் டாக்டரைக் கேளுங்கள். தண்ணீர் குடித்தால் முருகன் கோபிக்கமாட்டான். வாந்தியோ பேதியோ வந்தாலும் இதே யோசனைதான்: மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றைக்கே கேட்டுவிடவேண்டும்.

இந்த மாத்திரைக்கு வேறு தொல்லைகளும் உண்டு. யூரிக் அமிலம் கூடும். என் கொழுந்தனாருக்குக் கால் பெருவிரல் வீங்கி, மருந்தையே மாற்றவேண்டி வந்தது. சர்க்கரை கொஞ்சம் ஏறலாம். "எலும்பைக் கரைச்சிடும்மா" என்று பக்கத்து வீட்டு ஆயா பயமுறுத்தினார். உண்மையில் இந்த வகை மாத்திரை கால்சியத்தை உடம்பிலேயே தங்கவைக்கிறது, அந்தப் பயம் வேண்டாம். வெயில் விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்கிறேன். ஹைட்ரோகுளோரோதயசைடை நீண்ட காலம் சாப்பிடுகிறவர்களுக்கு மெலனோமா அல்லாத சில தோல் புற்றுநோய்கள் கூடலாம் என்று 2018-ல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் எச்சரித்தார்கள். தொப்பி, முழுக்கைச் சட்டை. ஆறாத புண்ணோ புதுக் கட்டியோ தெரிந்தால் காட்டிவிடுவேன்.

மூட்டுவலிக்கு இபுப்ரோஃபென் வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் அதிகம். தண்ணி மாத்திரை, எனலாப்ரில் இரண்டோடும் அது சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படலாம். பிரஷரும் ஏறும். எனக்கு வலி வந்தால் பாராசிட்டமால்தான், அதையும் மருந்துக்கடையில் என் பிரஷர் மாத்திரைகளின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறேன்.